கடன் தர முதல் காசு கேட்பவர்கள்



எமது பேச்சு நிகழ்ச்சியில் எடுத்துக்கொண்ட விடயமொன்றைச் சற்று விரிவாக இங்கே தருகிறோம். கேட்கத் தவறியவர்களுக்கும், ரெலிபோன் இலக்கங்களை எழுதி வைக்க விரும்புபவர்களுக்கும் உதவும்.

விடயம் இதுதான். இன்ரர்நெற்றில் கடன் தேடுகிறோம். யாரோ ஒருவர் கூப்பிட்டு, உங்களுக்குக் கடன் சரிவந்துவிட்டது என்கிறார். ஆனால் அதற்கு முதல் சிறிய கட்டணம் ஒன்று கட்டவேண்டும் என்கிறார். கட்டுகிறோம். கடன் வருவதில்லை. கட்டிய காசும் திரும்புவதில்லை.

கேட்பவர்களுக்கு இது சின்னப்பிள்ளை கூட ஏமாறாத வித்தையாகத் தெரியும். காசில்லாமல்தானே கடன் தேடுகிறான், அவனிடம் எதைப் பறிக்க முடியும் என்றும் கேட்கத் தோன்றும். பறிக்கிறார்கள். இந்த நாட்டில் நிதி நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் எப்.சி.ஏ என்ற அதிகாரசபை இதற்குக் 'கடன் கட்டண மோசடி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. கேட்கப்படும் தொகை வழக்கமாக 25 பவுணிலிருந்து 450 பவுண் வரை இருக்கும் என்றும் சொல்கிறது.

அந்தத் தொகையின் அளவைக் கவனியுங்கள். பல்லாயிரம் பவுண் என்றால் நாங்களும் நாலு பேரிடம் விசாரிப்போம், வங்கியும் மறித்துக் கேள்வி கேட்கக்கூடும். 120 பவுணுக்கு யாரும் விசாரிப்பதில்லை. போன பிறகும், இந்தக் காசுக்காகவா பொலிசுக்குப் போவது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 3,000 பவுண் கடனுக்கு அலைகின்ற ஒரு வீட்டில் 120 பவுண் என்பது பிள்ளைகளின் சாப்பாட்டுச் சாமான், கரண்ட் பில். மோசடிக்காரர் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார்.

எப்படி நடக்கிறது?

எந்தத் தனி ஆளின் கதையையும் இங்கே சொல்லவில்லை. எப்.சி.ஏ தன் எச்சரிக்கைகளில் விபரிக்கும் படிமுறையை எங்கள் வாழ்க்கைக்குள் வைத்துப் பார்ப்போம்.

பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை செய்யும் ஒருவர் என்று வையுங்கள். ஊரில் தாயாருக்குச் சுகமில்லை. ரிக்கற் போடவேண்டும், வைத்தியச் செலவுக்கும் அனுப்பவேண்டும். கடனட்டை நிரம்பிவிட்டது. தன் வங்கியில் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆள் வராத நடுச்சாமத்தில் போனை எடுத்து, கிரெடிற் குறைந்தவர்களுக்கும் கடன் என்று வரும் விளம்பரங்களில் நாலைந்தைத் திறந்து விபரங்களை நிரப்புகிறார். பெயர், விலாசம், பிறந்த திகதி, சம்பளம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் கொடுத்தாயிற்று.

அவற்றில் சில கடன் கொடுக்கும் இடங்களே அல்ல. விண்ணப்பம் போல ஒரு படிவத்தை வைத்து விபரங்களைச் சேர்த்து மற்றவர்களுக்கு விற்பவை. சில, மோசடிக்காரரே விரித்த வலை. அதனால்தான் அடுத்த நாள் வரும் அழைப்பு அவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது. கூப்பிடுபவருக்கு இவருடைய பெயர் தெரியும், எவ்வளவு கேட்டார் என்பதும் தெரியும். நான் கேட்டதற்குத்தானே பதில் வந்திருக்கிறது என்று இவர் நினைக்கிறார். தெருவில் வரும் தெரியாத ஆளிடம் காட்டும் சந்தேகம் இங்கே எழுவதில்லை.

"சேர், உங்களுக்கு 3,000 பவுண் ஒதுக்கியாயிற்று. கிரெடிற் ஸ்கோர் கொஞ்சம் குறைவு, அதனால் 150 பவுண் காப்புறுதி கட்டவேண்டும். கடனோடு சேர்த்து அதுவும் உங்கள் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும். இன்றைக்குப் பின்னேரம் 4 மணிக்குள் கட்டினால் நாளைக்குக் காசு விழும்." கையோடு ஈமெயிலில் ஓர் ஒப்பந்தமும் வருகிறது. தலைப்பில் கொம்பனிச் சின்னம், கீழே கையெழுத்து, நடுவில் எப்.சி.ஏ பதிவு இலக்கம். ஆங்கிலப் பத்திரம் ஒன்று ஒழுங்காக அச்சடித்து வந்தால் அதை மதிக்கப் பழகியவர்கள் நாங்கள்.

கட்டணத்துக்கு வைக்கும் பெயர் ஆளுக்காள் மாறும். காப்புறுதி, நிர்வாகச் செலவு, பிணைக்காசு, முதல் தவணை, முற்பணம் என்று எதுவும் சொல்வார்கள். 150 பவுண் போன பிறகு இரண்டாவது அழைப்பு வரும். காசு புறப்பட்டுவிட்டது, ஆனால் உங்கள் வங்கி மறித்து வைத்திருக்கிறது, விடுவிக்க 220 பவுண். அதன் பிறகு வரி. அதன் பிறகு, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால், கட்டிய காசைத் திருப்பித் தருவதற்கும் ஒரு கட்டணம்! முதல் 150 பவுணைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில்தான் இரண்டாவதும் மூன்றாவதும் போகின்றன. இடையில் விட்டால் முதலாவதும் போய்விடுமே என்று மனம் சொல்லும். மனிதர் எல்லோருக்கும் உள்ள குணம் இது, படித்தவர் படிக்காதவர் என்ற பேதம் இதில் கிடையாது.

ஏமாற்று ஒன்றும் புதிதல்ல. சிறையில் இருக்கும் பணக்காரனை மீட்க முற்பணம் அனுப்பினால் பெருந்தொகை கிடைக்கும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கடிதம் எழுதி ஏமாற்றினார்கள். 'ஸ்பானியக் கைதி' என்று அதற்குப் பெயர். பின்னர் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு இலக்கத்தை வைத்து '419' என்றார்கள். அந்தக் கடிதங்கள் பேராசையைத் தூண்டின. இந்தக் கடன் கட்டண மோசடியில் பேராசைக்கு இடமே இல்லை, அவசரத் தேவைதான் தூண்டில். ஆசைப்பட்டு ஏமாந்தார்கள் என்று பிறர் சொல்லும்போது அது அநியாயமான பேச்சு.

உண்மையான இடங்கள் முற்பணம் கேட்குமா?

கடன் கொடுப்பதற்குச் செலவு இருந்தால், உண்மையான கொம்பனி அதைக் கடன் தொகையோடு சேர்த்துவிடும், அல்லது வட்டியில் எடுத்துக்கொள்ளும். 3,000 பவுணை உங்களிடம் நம்பித் தரப்போகிறவருக்கு 150 பவுணைக் கழித்துக்கொண்டு 2,850 தர முடியாதா? "அப்படியென்றால் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மோசடிக்காரரால் அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாது. சட்டம் அனுமதிக்காது, கணினி ஏற்காது என்று மழுப்புவார்.

வீட்டுக் கடன் வேறு. மோர்கேஜ் எடுக்கும்போது வீட்டை மதிப்பிடும் கட்டணம், தரகர் கட்டணம் போன்றவை முன்கூட்டியே கேட்கப்படுவது உண்டு. வீடு வாங்கிய எம்மவர்கள் இதைக் கட்டிப் பழகியிருப்பதால் சிறு கடனுக்கும் அப்படித்தானாக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சிறு கடன்களுக்கும் முற்பணம் வாங்கும் தரகர்கள் ஒரு காலத்தில் இங்கே வெளிப்படையாகவே இயங்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கடன் தேடித் தருகிறோம் என்று இன்ரர்நெற்றில் விளம்பரம் செய்து, வங்கி விபரத்தை வாங்கி, 50, 70 பவுண் என்று கணக்கிலிருந்து எடுத்தார்கள். பலருக்கு அது கடன் கொடுக்கும் இடமல்ல, தரகர் என்பதே தெரியாது. 2014இல் 10,000க்கும் மேற்பட்டோர் நிதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டார்கள். அதன் பிறகுதான் எப்.சி.ஏ விதியை இறுக்கியது. 2015 ஜனவரி 2 முதல், தான் யார், தான் தரகர் என்பது, கட்டணம் எவ்வளவு, எப்போது எப்படி எடுக்கப்படும் என்பவற்றை எழுத்தில் தந்து, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக உறுதிப்படுத்திய பிறகே ஒரு தரகர் கட்டணம் கேட்கலாம். இன்னொரு பழைய சட்டமும் உண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 155ஆம் பிரிவின்படி, தரகர் அறிமுகம் செய்து 6 மாதத்துக்குள் நீங்கள் கடன் எதையும் எடுக்காவிட்டால், 5 பவுண் போக மிச்சக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். சட்டப்படி பதிந்த தரகரிடம் காசு கொடுத்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். மோசடிக்காரரைத் தேடிப்பிடித்துக் கேட்க முடியாது என்பது வேறு கதை.

எங்கள் பழக்கம்

இந்த மோசடி எல்லாச் சமூகத்தையும்தான் தாக்குகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் சில விசேட பலவீனங்கள் உண்டு என்பது எனது கருத்து.

முதலாவது, நாங்கள் முன்காசு கட்டி வாழ்ந்த ஆட்கள். 80களிலும் 90களிலும் இங்கே வந்தவர்களில் எத்தனை பேர் ஏஜென்சிக்குக் காசு கட்டாமல் வந்தார்கள்? நகையை விற்று, காணியை ஈடுவைத்து, முகம் தெரியாத ஒருவரிடம் பாதிக் காசைக் கொடுத்துவிட்டுக் கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்த பிறகு விசா வழக்குக்குச் சட்டத்தரணிக்கு முன்காசு. சீட்டிலும் அப்படித்தான். மாதாமாதம் கட்டுகிறோம், எங்கள் முறை வரும்போது மொத்தமாகக் கிடைக்கிறது. முதலில் கட்டு, பிறகு வரும் என்ற சொல் எங்கள் காதுக்கு விசித்திரமாகக் கேட்பதில்லை.

ஆனால் சீட்டில் தாச்சியின் வீடு எங்களுக்குத் தெரியும். அவருடைய தங்கச்சியை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்பதும் தெரியும். தாச்சி ஓடிய கதைகளும் உண்டுதான், ஆனாலும் கோயிலிலோ கலியாண வீட்டிலோ பிடித்து நாலு பேர் முன்னிலையில் கேட்கலாம். அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் முகம். ரெலிபோனில் வரும் 'மிஸ்டர் ஸ்மித்'துக்கு முகம் இல்லை.

இரண்டாவது, எங்களில் பலருக்கு இங்கே கடன் வரலாறு மெலிந்தது. புதிதாக வந்தவர்கள், சம்பளத்தைக் காசாக எடுத்தவர்கள், அடிக்கடி அறை மாறியவர்கள், எல்லாவற்றையும் கணவன் பெயரிலேயே வைத்திருந்த பெண்கள். இவர்கள் கடனைக் கட்டாதவர்கள் அல்லர். ஆனாலும் இவர்களைப் பற்றிய பதிவு போதாததால் கணினி மறுத்துவிடுகிறது. மறுக்கப்பட்டவரைத்தான் மோசடிக்காரர் தேடுகிறார்.

இதற்கு ஓரளவு பரிகாரம் உண்டு. எக்ஸ்பீரியன், எக்குவிபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள் உங்கள் கடன் பதிவை வைத்திருக்கின்றன. சட்டப்படியான அறிக்கையை இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். முன்பு 2 பவுண் கட்டவேண்டியிருந்தது, 2018இல் அது நீங்கிவிட்டது. பழைய விலாசம், பிழையான பெயர் எழுத்து இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எங்கள் பெயர்களைப் பாங்கில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் எழுதி வைத்திருப்பது நாங்கள் எல்லோரும் அறிந்த தலையிடிதானே. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதும் ஸ்கோருக்கு உதவும். பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கவில்லை, எனக்கு வாக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கை பொதுநலவாய நாடு. இங்கே தங்கும் அனுமதியோடு வசிக்கும் இலங்கைப் பிரசையும் தன் கவுன்சிலில் வாக்காளராகப் பதியலாம்.

மூன்றாவது, மானம். அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

பெயரைச் சரிபார்த்தல்

சட்டப்படி கடன் கொடுப்பவரும் கடன் தரகரும் எப்.சி.ஏ பதிவேட்டில் இருக்கவேண்டும். இன்ரர்நெற்றில் பார்க்கலாம், அல்லது 0800 111 6768 என்ற இலக்கத்தில் எப்.சி.ஏயிடமே கேட்கலாம். ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டாம். உண்மையான கொம்பனியின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் விலாசத்தையும் அப்படியே எடுத்து, ரெலிபோன் இலக்கத்தை மட்டும் தங்களுடையதாக மாற்றிக்கொள்ளும் கூட்டங்கள் இருக்கின்றன. 'குளோன்' என்று சொல்கிறார்கள். ஆகவே உங்களைக் கூப்பிட்டவர் தந்த இலக்கத்தை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே கூப்பிட்டு, இப்படி ஒரு கடன் என் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறுமென்றால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

காசு போகும் வழியையும் பாருங்கள். கொம்பனி என்கிறார்கள், ஆனால் கட்டச் சொல்வது தனி ஆள் ஒருவரின் கணக்குக்கு. பெயர் பொருந்தவில்லை என்று வங்கியின் அப் எச்சரித்தால், அது எங்கள் கணக்காளரின் பெயர், பொருட்படுத்தாமல் அமத்துங்கள் என்பார்கள். அந்த எச்சரிக்கைதான் கடைசிக் கதவு.

இன்னொரு வழி கிப்ற் கார்ட். கடையில் போய் அப்பிள் கார்ட்டோ ஸ்டீம் கார்ட்டோ வாங்கி, பின்னால் சுரண்டி, இலக்கத்தை வாசிக்கச் சொல்வார்கள். வாசித்து முடித்த கையோடு காசு போய்விடும். எந்தக் கடன் கொம்பனியும் விளையாட்டுக் கார்ட்டில் கட்டணம் வாங்காது. இந்த இடத்தில் கடை வைத்திருக்கும், ரில்லில் நிற்கும் எம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஈஸ்ட்ஹாமிலிருந்து வெம்பிளி வரை, ரூட்டிங்கிலிருந்து ஹரோ வரை இந்தக் கார்ட்களை விற்பதில் எங்கள் கைகள் நிறைய இருக்கின்றன. வயதான ஒருவர் போனைக் காதில் வைத்தபடியே 100 பவுண் கார்ட் இரண்டு மூன்று கேட்டால், அவர் தமிழராக இருந்தாலென்ன சோமாலியராக இருந்தாலென்ன, "யாருக்கு அம்மா வாங்குறியள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு விற்பனை குறையலாம்.

காசை விடப் பெரிய ஆபத்து

சில கூட்டங்கள் கட்டணம் கேட்பதில்லை. உங்கள் கணக்கைச் 'சோதிக்க' வேண்டும், அதற்காக 800 பவுண் போடுகிறோம், வந்ததும் இந்த இலக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்பார்கள். சொன்னபடியே காசும் வரும்! அது இன்னொருவரிடம் களவெடுத்த காசு. அதை அனுப்பி வைத்தவர் களவுக் காசைக் கடத்தியவர் ஆகிவிடுகிறார். வங்கி கணக்கை மூடும். சிபாஸ் என்ற மோசடித் தரவு அமைப்பில் பெயர் பதியப்பட்டால் அது 6 வருடம் கிடக்கும். அந்தக் காலத்தில் கணக்குத் திறப்பதும் போன் ஒப்பந்தம் எடுப்பதும் கூடக் கஷ்டம். தெரிந்தே செய்ததாக நிரூபிக்கப்பட்டால் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பணத்தூய்மையாக்கல் குற்றம், உச்சத் தண்டனை 14 வருடம். விசாவில் இருப்பவர்களுக்கும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களுக்கும் ஒரு குற்றத் தீர்ப்பு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. நன்னடத்தை என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். அவர்களுடைய கணக்குகளைத்தான் இப்படிப் பாவிக்கத் தேடுகிறார்கள்.

பாஸ்போர்ட் பிரதி, சம்பளச் சிட்டை, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கொடுத்துவிட்டவர்கள், அடுத்த மாதங்களில் தங்கள் கடன் அறிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். உங்கள் பெயரில் வேறொருவர் கடன் எடுக்கலாம். சிபாஸ் அமைப்பிலேயே கட்டணம் கட்டிப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளவும் முடியும். ஈ-விசாக் கணக்கின் கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்கவேண்டாம்.

காசு போய்விட்டால்

முதலில் வங்கி. நாளை பார்ப்போம் என்று வைக்காதீர்கள். 159 என்ற மூன்று இலக்கத்தை அழுத்தினால் பெரும்பாலான பெரிய வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கு இணைப்புக் கிடைக்கும். பாங்க் கார்ட்டால் கட்டியிருந்தால் 'சார்ஜ்பாக்' முறையில் திருப்பி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே இன்னொரு கணக்குக்கு அனுப்பியிருந்தால் புது விதி ஒன்று உங்களுக்குத் துணை. 2024 ஒக்ரோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டு இந்த நாட்டுக்குள்ளே அனுப்பிய காசை வங்கிகள் திருப்பித் தரவேண்டும். உச்சவரம்பு 85,000 பவுண். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கவேண்டும். வழக்கமாக 5 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், விசாரணை தேவைப்பட்டால் 35 வேலை நாட்கள் வரை போகலாம். கடைசியாகக் காசு அனுப்பி 13 மாதத்துக்குள் முறையிடவேண்டும். நீங்கள் பெரும் கவனயீனமாக இருந்தீர்கள் என்று வங்கி காட்டினால் மறுக்கலாம், ஆனால் சாதாரணமாக ஏமாந்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

இதில் எங்கள் விடயத்துக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு முறைப்பாட்டிலும் முதல் 100 பவுணை வங்கி கழித்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. 90 பவுண் பறிகொடுத்தவருக்கு ஒன்றுமே வராமல் போகலாம். 150 கொடுத்தவருக்கு 50. பெருந்தொகை இழந்தவரைக் காக்கும் விதி, ஏழையைக் குறிவைக்கும் இந்த மோசடியில் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் மூன்று விடயங்களைத் தெரிந்து வைத்திருங்கள். எல்லா வங்கியும் அந்த 100 பவுணைக் கழிப்பதில்லை. முதுமை, நோய், மனத்தாக்கம் போன்ற காரணங்களால் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவராக உங்களை வங்கி ஏற்றுக்கொண்டால் கழிக்கவே கூடாது. போரில் பட்ட அதிர்ச்சிக்கு மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்தது, கழிவு முறைப்பாட்டுக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்றல்ல. 150, 220, 90 என்று ஒரே கூட்டத்துக்கு மூன்று முறை கட்டியிருந்தால் மூன்றையும் ஒரே முறைப்பாடாகக் கொடுங்கள்.

கிப்ற் கார்ட், கையில் கொடுத்த காசு, வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியது எதுவும் இந்த விதிக்குள் வராது. கார்ட் வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் கார்ட் கொம்பனியை உடனே தொடர்புகொண்டு பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

வங்கி மறுத்தால் அதன் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 0800 023 4567. இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. கூப்பிடும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பொலிசுக்கான நாட்டளவிலான முறைப்பாட்டு நிலையம் முன்பு 'அக்சன் புரோட்' என்று இருந்தது, அண்மையில் 'ரிப்போர்ட் புரோட்' என்று மாறியிருக்கிறது. இலக்கம் 0300 123 2040. 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின்படி இந்தக் குற்றத்துக்கு 10 வருடம் வரை சிறை உண்டு. உங்கள் ஒரு முறைப்பாட்டால் ஆள் பிடிபடுவான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கணக்கு இலக்கத்தைப் பற்றிப் பத்துப் பேர் முறையிட்டால் அந்தக் கணக்கு கவனத்துக்கு வரும். வந்த ரெக்ஸ்ற் செய்திகளை 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பிவிடலாம்.

சில கிழமை கழித்து வேறொருவர் கூப்பிடக்கூடும். நீங்கள் ஏமாந்தது எங்களுக்குத் தெரியும், காசை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது. அதே ஆட்களின் இரண்டாம் சுற்று அது.

இனி அந்த மானம். கணவன் மனைவிக்குச் சொல்வதில்லை. தகப்பன் பிள்ளைக்குச் சொல்வதில்லை. கடன் தேடியதே வெளியில் தெரியக்கூடாது, அதில் ஏமாந்தது தெரிந்தால் இன்னும் கேவலம் என்ற நினைப்பு. இந்த மௌனம் மோசடிக்காரருக்கு இரண்டு விதத்தில் உதவுகிறது. முதல் கட்டணத்தோடு நிற்க வேண்டியவர், அதை ஒருவருக்கும் தெரியாமல் மீட்டுவிடலாம் என்று இரண்டாவதைக் கட்டுகிறார். வங்கியிடம் போக வேண்டிய மணித்தியாலங்களும் வீணாகின்றன. வீட்டில் யாராவது சொன்னால், "உங்களுக்கு மூளை இல்லையா?" என்று தொடங்காமல், எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினது என்று கேட்டு 159ஐ அழுத்துங்கள். பேச்சு பிறகு இருக்கட்டும்.

அவசரத்துக்கு எங்கே போவது?

கடன் தேவை பொய்யல்ல, அதனால் இதையும் சொல்லவேண்டும். உங்கள் பறோவில் அல்லது வேலை செய்யும் இடத்தில் கிரெடிற் யூனியன் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கத்தவர்கள் சேமித்து அங்கத்தவர்களுக்குக் கடன் கொடுக்கும் முறை, எங்கள் சீட்டுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் சொந்தக்காரன் என்று சொல்லலாம். வட்டி மாதத்துக்கு 3 வீதத்துக்கு மேல் போக முடியாது. யூனிவர்சல் கிரெடிற் எடுப்பவர்கள், வழக்கமாக 6 மாதம் எடுத்த பிறகு, வட்டியில்லாத பட்ஜெற்றிங் முற்பணம் கேட்கலாம். தனி ஆளுக்கு 348 பவுண் வரை, தம்பதிக்கு 464, பிள்ளைகள் இருந்தால் 812. வேலை வருமானம் கூடியவர்களுக்குக் கிடையாது. புதிதாக அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு ஹோம் ஒபிஸ் தரும் ஒருங்கிணைப்புக் கடன் என்று ஒன்று இருக்கிறது. வாடகை முற்பணம், வீட்டுச் சாமான், வேலைக்கான படிப்பு ஆகியவற்றுக்காக, வட்டி இல்லாமல். அதைக் கேட்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. பெற்றுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அவரும் மேலே சொன்ன பட்டியலில் ஒருவர்தான்.

ஏலவே கடனில் மூழ்கி, கடனைக் கட்டவே கடன் தேடுகிறவர்கள் நஷனல் டெப்ற்லைனை 0808 808 4000 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆலோசனை இலவசம். இங்கிலாந்தில் 2021 மே முதல் 'பிறீதிங் ஸ்பேஸ்' என்ற ஏற்பாட்டின் கீழ் 60 நாட்களுக்குக் கடன்காரரின் நெருக்குதலையும் பெரும்பாலான வட்டியையும் நிறுத்தி வைக்க முடியும். அதைக் கடன் ஆலோசகர் ஊடாகத்தான் எடுக்கவேண்டும். உங்கள் பகுதி சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்திலும் கேட்கலாம். தெரிந்த ஆள் ஒருவர் அநியாய வட்டிக்குக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டையோ பாங்க் கார்ட்டையோ பிடித்து வைத்திருந்தால், சட்டவிரோத வட்டிக்காரருக்கு எதிரான குழுவின் இலக்கம் 0300 555 2222. அவரிடம் கடன் வாங்கியது உங்கள் குற்றமல்ல. அனுமதியின்றிக் கொடுத்ததுதான் குற்றம்.